ஏஐ என்ன வேணா வரையட்டும், ஆச்சி முகத்தை மட்டும் விட்டுடணும்

கேமராவ வச்சுப் பிழைக்கிறவன்னா ஏஐ படம்னு சொன்னதும் மூஞ்சியச் சுளிக்கணும்னு ஒரு எதிர்பார்ப்பு இருக்கு. கல்யாண மண்டபத்துல பார்க்கிற சொந்தக்காரங்க எல்லாம் "இனிமே ஒங்க தொழில் அவ்ளோதானே தம்பி"ன்னு கேட்கிறாங்க, நான் சோகமா ஏதாச்சும் சொல்லுவேன்னு நினைக்கிறாங்க போல. எனக்கு அந்தச் சோகம் இல்ல. கோவில்பட்டியில ஸ்டூடியோ வச்சிருக்கேன், கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் சைஸ், அஞ்சலி போட்டோன்னு எல்லாம் பண்ற சாதாரண டவுன் ஸ்டூடியோதான், ராத்திரி ஷட்டர இறக்குன பிறகு நான் ஆசையா உக்காந்து பண்ற வேலை இந்த ஏஐ டூல்ஸ நோண்டுறதுதான்.

இது 2022லேயே ஆரம்பிச்சது. நாம எழுதுற வரிய வச்சுப் படம் வரையிற டூல்ஸ் அந்த வருஷம் வரிசையா வந்துச்சு, ஏப்ரல்ல டால்-ஈ 2 அறிவிச்சாங்க, ஜூலையில மிட்ஜர்னி எல்லாருக்கும் திறந்து விட்டாங்க, ஆகஸ்ட்ல ஸ்டேபிள் டிஃப்யூஷன். இந்த மூணாவதுதான் என்னைப் பிடிச்சுக்கிச்சு, ஏன்னா அத யாரோட சர்வருக்கும் போகாம நம்ம கம்ப்யூட்டர்லயே ஓட்டலாம், ஆல்பம் டிசைனுக்காக வாங்கிப் போட்ட கிராஃபிக்ஸ் கார்டே போதும். அது எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கப் படிக்கத்தான் இது நமக்கு ரொம்பப் பக்கத்துச் சமாச்சாரம்னு புரிஞ்சது. வெளிச்சம் கம்மியா இருக்குன்னு ஐஎஸ்ஓ 12800 வரைக்கும் ஏத்தி ஒரு ரிசப்ஷன் எடுத்தா படம் பூரா பொரிப்பொரியா நாய்ஸ் விழும், அத எடுக்க லைட்ரூம் சாஃப்ட்வேர்ல டீநாய்ஸ் போடுறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலைதான் இதுவும். ட்ரெய்னிங் குடுக்கும்போது நல்ல படத்து மேல கொஞ்சங் கொஞ்சமா நாய்ஸ் சேர்த்துக்கிட்டே போயி கடைசியில படமே தெரியாம ஆக்கிடுவாங்க, அந்த நாய்ஸ எப்படி எடுக்கிறதுன்னு மாடல், அதாவது அந்த ஏஐ, கத்துக்கும். அப்புறம் நாம ஒரு வரி டைப் பண்ணா அது வெறும் நாய்ஸ்ல இருந்து ஆரம்பிச்சு, நாம சொன்ன வார்த்தைக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு ஸ்டெப்பா நாய்ஸ எடுத்து ஒரு படத்தக் கொண்டு வரும். நம்ம டீநாய்ஸ்ல அடியில ஒரு படம் இருக்கும், இதுல அடியில எதுவுமே இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, கீழ ஆச்சி விஷயத்துக்கு வரும்போது இதுதான் எல்லாமே.

எனக்கு இதுல கிடைச்ச முதல் லாபம் வெளிச்சத்தைப் பத்தி வாய்விட்டுச் சொல்லப் பழகுனது. இருபது வயசுல இருந்து லைட் வச்சுக்கிட்டு இருக்கேன், கை தானா போயி சாஃப்ட்பாக்ஸ நகட்டும், ஆனா ஏன் நகட்டுறேன்னு யாராச்சும் கேட்டா சொல்லத் தெரியாது. ப்ராம்ப்ட், அதாவது என்ன படம் வேணும்னு ஏஐக்குச் சொல்ற வரி, எழுதும்போது அந்தச் சாக்கு செல்லாது. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது, ஜன்னல் வழியாவா கதவு வழியாவா, நிழலோட ஓரம் கூர்மையா மங்கலா, சுவர்ல பட்டுத் திரும்புற வெளிச்சம் என்ன கலர், எல்லாத்தையும் எழுதணும். எங்க ஊரு கரிசல் மண்ணு, தரை கருப்பு. மத்த ஊர்ல வெயில் தரையில பட்டு மூஞ்சிக்குக் கீழ இருந்து கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக் குடுக்கும், கரிசக்காட்டுல அது கிடையாது, மத்தியானம் நின்னா கண்ணுக்குக் கீழயும் தாடைக்குக் கீழயும் நிழல் அப்படியே கட்டி நிக்கும். ஏஐ வரையிற காட்டுப் படம் எல்லாத்துலயும் மூஞ்சி மட்டும் யாரோ ரிஃப்ளெக்டர் பிடிச்ச கணக்கா ஜொலிக்குது, ஏதோ சரியில்லையேன்னு பார்த்துக்கிட்டே இருந்தப்பதான் எங்க ஊரு வெளிச்சத்துல என்ன விசேஷம்னு எனக்கே பிடிபட்டுச்சு. அதுக்கப்புறம் அவுட்டோர் போகும்போது வெள்ளைத் துணி ஒண்ணக் கீழ விரிக்கிறேன், இல்லன்னா வேணும்னே விரிக்காம அந்த நிழல அப்படியே எடுக்கிறேன்.

லென்ஸ் விஷயத்துல நிறையப் பேரு ஏமாறுறாங்க. "85 எம்எம், எஃப் 1.8"ன்னு ப்ராம்ப்ட்ல எழுதுனா பின்னாடி அழகா மங்கலாகும்தான், ஆனா அது லென்ஸைக் கணக்குப் போட்டு வர்றது இல்ல, அந்த நம்பர கேப்ஷன்ல எழுதி வச்சிருந்த படங்க எல்லாம் எப்படி இருந்துச்சோ அதோட சாயல்ல வர்றது. அதனாலதான் கம்மல் ஷார்ப்பா இருக்கும், அதே தூரத்துல இருக்கிற முடி மங்கலா இருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகுன கண்ணு அத உடனே பிடிச்சிடும்.

நம்ம ஊரு சமாச்சாரம் கேட்டா ஆரம்பத்துல ரொம்பவே சொதப்பும். தமிழ்க் கல்யாணம்னு கேட்டா மாப்பிள்ளை தலைப்பாகையும் ஷெர்வானியுமா வருவாரு, பொண்ணு கழுத்துல மஞ்சக் கயிறுக்குப் பதிலா கருகமணி. சிக்குக் கோலம் கேட்டா தூரத்துல பிரமாதமா இருக்கும், கிட்டப் போயி ஒரு கம்பியப் பிடிச்சுக்கிட்டே போனா பாதியில எங்கயோ காணாமப் போயிரும், புள்ளி ஒரு பக்கம் கோடு ஒரு பக்கம். பக்கத்துல கழுகுமலையில வெட்டுவான் கோயில் இருக்கு, பாண்டியர் காலத்துல, எட்டாம் நூற்றாண்டுல, ஒரே பாறைய மேல இருந்து கீழ வெட்டிக்கிட்டே வந்து முடிக்காமயே விட்ட கோயில். அதக் கேட்டா தரையில இருந்து கல்லை அடுக்கிக் கட்டுன ஏதோ ஒரு கோபுரத்தக் குடுத்துச்சு. காரணம் தெளிவு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் கத்துக்கிட்டது லேயான்-5பிங்கிற தொகுப்புல இருந்து, அதுல 585 கோடி படமும் அதோட எழுத்தும் இருக்கு, எழுத்துல 230 கோடிக்கு மேல ஆங்கிலம், எல்லாமே வெப்சைட்ல கிடந்த படமும் அதுக்குக் கீழ இருந்த வரியும். நம்ம வீட்டுக் கல்யாணப் படம் எல்லாம் பீரோவுக்குள்ள ஆல்பத்துல இருக்கு, அதுக்குக் கீழ யாரும் எதுவும் எழுதுறதும் இல்ல. அது எப்படிக் கத்துக்கும்? இப்ப வர்ற டூல்ஸ் நிறைய முன்னேறியிருக்கு, பட்டு வேட்டி மடிப்பெல்லாம் ஓரளவுக்குச் சரியா வருது, கோலம் இன்னும் தடுமாறுது.

கூகுளோட நானோ பனானாங்கிற ஏஐ பட டூல் வந்த புதுசுல, 2025 செப்டம்பர்ல, ஒரு சேலை ட்ரெண்ட் ஓடுச்சே, செல்ஃபிய ஏத்துனா பழைய சினிமா கணக்கா ஷிஃபான் சேலை, காத்துல பறக்குற முடி, பின்னாடி சுவர்ல சாயங்கால வெயில். அப்ப ஸ்டூடியோவுக்கு அந்தப் படத்த பிரிண்ட் போடக் கொண்டு வந்த பிள்ளைங்க நிறைய. அவங்ககிட்ட நான் சொன்னது, பாப்பா இது ஃபோன்ல பார்க்க நல்லா இருக்கும், அகலம் ஆயிரம் பிக்சல்தான் இருக்கு, 12க்கு 18 இஞ்ச் பிரிண்ட்டுக்கு 300 டிபிஐ, அதாவது இஞ்ச்சுக்கு 300 புள்ளி, கணக்குல 3600க்கு 5400 வேணும், இத நல்ல பிரிண்ட்டா போட்டா அகலம் மூணு இஞ்ச்சுக்குக் கொஞ்சம் மேலதான் வரும்னு. அதுல சில பேரு "அப்ப நிஜமாவே இந்த லைட்ல எடுத்துத் தருவீங்களாண்ணா"ன்னு கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன், மாடியில, சாயங்காலம், ஒரு மஞ்ச ஜெல் போட்ட ஃபிளாஷ வச்சு. இதுவரைக்கும் பாஸ்போர்ட் போட்டோ தவிர வேற எதுக்கும் ஸ்டூடியோ படி ஏறாத பிள்ளைங்க அவங்க. அதனால ஏஐ வந்து ஸ்டூடியோவ மூடிடும்னு சொல்றதை என்னால முழுசா ஒத்துக்க முடியல, சில வேலை போகும்தான், கடை விளம்பரத்துக்கு சேலையக் கட்டி மாடல நிக்க வச்சு எடுக்கிற வேலை இப்பவே குறையுது, அது வலிக்கிற விஷயம்தான்.

நம்ம ஆளுங்க எடுத்த படத்தையெல்லாம் கேக்காம எடுத்து ட்ரெய்னிங் குடுத்திருக்காங்கங்கிற கோபமும் எனக்கு இருக்கு. போட்டோ விக்கிற கம்பெனியான கெட்டி இமேஜஸ், ஸ்டேபிள் டிஃப்யூஷன வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ மேல 2023ல கேஸ் போட்டாங்க, மாடல் வரைஞ்ச சில படத்துல கெட்டியோட வாட்டர்மார்க்கே கலைஞ்சு போன மாதிரி வந்துச்சு, அதைவிட வேற என்ன சாட்சி வேணும். லண்டன் கோர்ட்டு 2025 நவம்பர்ல வாட்டர்மார்க் விஷயத்துல மட்டும் கொஞ்சம் கெட்டி பக்கம் சொல்லிட்டு, மத்தபடி பெரும்பாலும் ஸ்டெபிலிட்டிக்குத்தான் சாதகமா தீர்ப்பு குடுத்துச்சு. எனக்கு அது நியாயமாப் படல. அடோபி அவங்க ஏஐயான ஃபயர்ஃபிளைய, தன்னோட ஸ்டாக் படங்களையும் உரிமை முடிஞ்ச படங்களையும் வச்சுப் பழக்குனதா சொல்றாங்க, கஸ்டமர் படத்துல புதுசா ஏதாச்சும் வரைஞ்சு சேர்க்கணும்னா, ஃபயர்ஃபிளைய வச்சு ஓடுற போட்டோஷாப்போட ஜெனரேட்டிவ் ஃபில் மட்டும் நான் தொடுறது அதனாலதான்.

போட்டிகள்ல நடந்ததும் எல்லாருக்கும் தெரியும். 2023ல போரிஸ் எல்டாக்சன்னு ஒரு ஜெர்மன் கலைஞர் ஏஐ படத்தை சோனி உலக போட்டோகிராஃபி போட்டிக்கு அனுப்பி ஒரு பிரிவுல ஜெயிச்சுட்டு, இது போட்டோவே இல்ல எனக்கு வேணாம்னு பரிசை வாங்க மறுத்துட்டாரு. அடுத்த வருஷம் மைல்ஸ் ஆஸ்ட்ரேங்கிற போட்டோகிராஃபர் நேர்மாறா பண்ணாரு, கேமராவுல எடுத்த நிஜ ஃபிளமிங்கோ படத்தை வேற ஒரு போட்டியோட ஏஐ பிரிவுல போட்டு அதுலயும் பரிசு வாங்குனாரு, உண்மையச் சொன்னதும் படத்தை நீக்கிட்டாங்க. தலை உடம்புக்குள்ள மடங்கி இருக்கும் அந்தப் பறவைக்கு, பார்த்தா தலையே இல்லாத மாதிரி தெரியும். ரெண்டு பேரும் பண்ணது ரொம்பத் தேவையான வேலை. ஆனா போட்டியில ஒரு படம் ஏஐயா இல்லையாங்கிறதைவிட எனக்குப் பெரிய கவலை வேற இடத்துல இருக்கு, அது எங்க மாதிரி டவுன் ஸ்டூடியோவுக்குள்ள தினமும் நடக்குது, அதைப் பத்தி யாரும் எழுதி நான் பார்க்கல.

ஒரு வீட்டுல சாவு விழுந்தா முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒருத்தர் ஸ்டூடியோவுக்கு வருவாரு. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கணும், அப்புறம் பதினாறாம் நாளுக்குப் படத்திறப்பு, அதுக்குப் பெரிய ஃப்ரேம். கையில இருக்கிறது ரேஷன் கார்டு போட்டோ, ஓட்டர் ஐடி, இல்லன்னா ஆதார், இல்லன்னா லேமினேஷன் போட்ட ஏதோ ஒரு படத்தை டியூப்லைட்டுக்குக் கீழ ஃபோன்ல எடுத்து வாட்ஸ்அப்ல நாலு பேரு கை மாறி வந்தது. வயசான பொம்பளைங்களுக்கு இது இன்னும் மோசம், வாழ்நாள் பூரா ஒரே ஒரு தடவைகூட தனியா படம் எடுத்திருக்க மாட்டாங்க. முன்னாடியெல்லாம் நாங்க என்ன பண்ணுவோம், இருக்கிறத ப்ளோஅப் பண்ணி, கொஞ்சம் மங்கலா இருந்தாலும் பரவாயில்லன்னு, பின்னாடி நீல கலர் குடுத்து, சட்டைய மாத்தி, மாலை போட்டுக் குடுப்போம். இப்ப ஏஐ ஆப்ல ஒரு பட்டனத் தட்டுனா அஞ்சு செகண்ட்ல பளிச்சுனு ஒரு முகம் வந்துருது, கண்ணு இமை ஒவ்வொண்ணும் தெரியுது. வீட்டுக்காரங்க அழுதுக்கிட்டே நன்றி சொல்றாங்க. அந்த முகம் யாரோடது?

இதச் சும்மா சந்தேகமா வச்சுக்கக் கூடாதுன்னு எங்க ஆச்சி படத்த வச்சு சோதிச்சேன். ஆச்சிக்கு ஒரு நல்ல பிளாக் அண்ட் ஒயிட் பிரிண்ட் இருக்கு, பழைய காலத்து ஸ்டூடியோவுல எடுத்தது, ஃபோகஸ் அவ்ளோ சுத்தம், பாம்படம் போட்டு வளர்த்த காது தோள் வரைக்கும் தொங்கும், பாம்படத்தக் கழட்டி வித்துட்டதால வெறும் காது. அத ஸ்கேன் பண்ணி, முகம் 40 பிக்சல் அகலம் வர்ற அளவுக்குச் சின்னதாக்கி, ரேஷன் கார்டு படம் எந்தத் தரத்துல வருமோ அந்தத் தரத்துக்குக் கெடுத்து, அத ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர்னு மங்கலான முகத்தத் தெளிவாக்குற ரெண்டு ஏஐ டூல்ல போட்டு, 1000 பிக்சலுக்குப் பெருசாக்கி ஒரிஜினல் பக்கத்துல வச்சேன். 40ல இருந்து 1000ன்னா பரப்பளவுல 625 மடங்கு, அதாவது ஒரு பிக்சல் நிஜம்னா மிச்சம் 624 டூல் போட்டது.

வந்தது ஒரு அழகான பாட்டி. எங்க ஆச்சி இல்ல. காது முதல்ல போச்சு, தொங்குற காது சாதாரணக் காதாகி, மிச்ச இடம் கழுத்து நிழலாவும் முடியாவும் மாறிடுச்சு. ரெண்டு பக்க மூக்குத்தியில ஒண்ணு மச்சமாயிருச்சு. ஆச்சிக்கு இடது கண்ணு லேசா இறங்கியிருக்கும், அம்மைக்கு அப்புறம் அப்படி ஆனதுன்னு சொல்லுவாங்க, ரெண்டு கண்ணையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்திருச்சு. வெத்தலை போட்டுச் சிவந்த உதடும் பல்லும் வெளுத்துப் போச்சு. இது டூலோட கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. இந்த ரெண்டு டூலும் கத்துக்கிட்ட முகங்க எஃப்எஃப்ஹெச்க்யூங்கிற தொகுப்புல இருக்கிற 70,000 படம், ஃபிளிக்கர்ல இருந்து எடுத்தது. பாம்படக் காது அதுல எத்தனை இருந்திருக்கும்? தெரியாத காதை அது வரையாது, தெரிஞ்ச காதைத்தான் ஒட்ட வைக்கும். 2020லேயே ட்யூக் யுனிவர்சிட்டி ஆளுங்க பண்ண பல்ஸ்ங்கிற டூல்ல ஒபாமாவோட மங்கலான படத்தைப் போட்டப்போ வெள்ளைக்காரர் முகம் வந்து பெரிய சர்ச்சையாச்சு. ஒபாமா முகம் உலகத்துக்கே தெரியும், அதனால உடனே பிடிச்சுட்டாங்க. எங்க ஆச்சி முகம் தெரிஞ்சவங்க இன்னைக்கு ஏழெட்டுப் பேரு இருப்பாங்க, இன்னும் பத்து வருஷம் போனா அவங்களும் இருக்க மாட்டாங்க, அதுக்கப்புறம் நடு வீட்டுல தொங்குற படம்தான் ஆச்சி, பேரப்பிள்ளைங்களுக்குப் பிள்ளைங்க அந்தப் படத்தப் பார்த்துத்தான் கும்பிடும், அது ஃபிளிக்கர்ல இருந்த யார் யாரோட கண்ணும் மூக்கும்னு சொல்ல ஒரு ஆள் இருக்காது.

டச்சப் அந்தக் காலத்துலயே இருந்துச்சேன்னு கேப்பீங்க. இருந்துச்சு, நெகட்டிவ் மேலயே பென்சிலால சுருக்கத்தைக் குறைச்சிருக்காங்க, கையால கலர் பூசியிருக்காங்க, இங்கிலாந்துல 1858லேயே ராபின்சன்னு ஒருத்தர் அஞ்சு நெகட்டிவ ஒண்ணாச் சேர்த்து ஒரே படம் பண்ணியிருக்காரு. கலக்குறது நம்ம தொழிலுக்குப் புதுசு இல்ல, எனக்கு அதுல தீட்டும் இல்ல. ஆனா டச்சப் பண்ணவர் கையில இருந்தது அந்த ஆளோட நெகட்டிவ். அவர் முகத்த இளமையாக்குனாரு, முகத்த மாத்தல.

அதனால அஞ்சலி போட்டோவுக்கு இப்ப நான் வேற வழியில போறேன். முதல்ல டூலைத் தொடுறதே இல்ல, நல்ல ஒரிஜினல் தேடச் சொல்றேன். "அண்ணாச்சி, ஒங்க அக்கா வீட்டு ஆல்பம், தங்கச்சி வளைகாப்பு, கோயில் கொடைக்கு எடுத்த குரூப் போட்டோ, எதுலயாச்சும் அம்மா ஓரமா நிப்பாங்க, பாருங்க"ன்னு சொன்னா முக்கால்வாசி நேரம் ஒண்ணு கிடைச்சிரும், குரூப் படத்துல ஓரத்துல நிக்கிற முகம்கூட பல நேரம் ரேஷன் கார்டைவிடத் தெளிவா இருக்கும். அந்த ஆல்பத்தை ஸ்டூடியோவுக்கே கொண்டு வரச் சொல்லி, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில லைட் வச்சு, லென்ஸ்ல போலரைசர் போட்டு, லேமினேஷன் பளபளப்பு இல்லாம மேக்ரோவுல எடுப்பேன். இந்தப் பத்து நிமிஷ வேலை குடுக்கிற நிஜத்த எந்த ஏஐயும் குடுக்காது. அதுக்கப்புறம் ஏஐ. கீறல், பூஞ்சை, மடிப்பு, பின்னணி, சட்டைக் காலர், சேலை பார்டர், அதுல எல்லாம் தாராளமா விடுவேன், பிரமாதமா பண்ணும், முன்னாடி நாலு மணி நேரம் க்ளோன் ஸ்டாம்ப் பிடிச்சு உக்காந்த வேலை நாப்பது நிமிஷத்துல முடியுது. கண்ணு, மூக்கு, வாய், காது, இந்த நாலும் மாஸ்க்குக்கு வெளிய, அதாவது ஏஐ தொடலாம்னு நான் குறிச்சு விடுற இடத்துக்கு வெளிய.

வேற வழியே இல்ல, ரேஷன் கார்டு மட்டும்தான்னா கோட்ஃபார்மர்ல ஒரு ஸ்லைடர் இருக்கு, 0ல இருந்து 1 வரைக்கும். 0 பக்கம் போனா படம் பளிச்சுனு இருக்கும், 1 பக்கம் போனா ஒரிஜினலுக்கு நெருக்கமா, ஆனா மங்கலா இருக்கும். டூல் பண்ணவங்களே அழகும் அடையாளமும் ரெண்டு எதிர்ப்பக்கம்னு ஸ்லைடராவே வச்சிருக்காங்க, இதக் கஸ்டமருக்குக் காட்டுறேன், நகட்டி நகட்டிக் காட்டி, எந்த இடத்துல அம்மா போயி வேற ஆளு வர்றாங்கன்னு அவங்களையே சொல்லச் சொல்றேன். பிள்ளைங்க 1 பக்கம்தான் நிறுத்துறாங்க. அப்புறம் ஃப்ரேம் சைஸக் குறைக்கச் சொல்லுவேன், 20க்கு 24ல மங்கலாத் தெரியிற முகம் 8க்கு 10ல நல்லாவே தெரியும், சுத்தி அகலமா மவுண்ட் வச்சா சுவர்ல பெருசாவும் இருக்கும். ஃப்ளெக்ஸுக்கு எப்படியும் இருபதடி தள்ளி நின்னுதான் பார்ப்பாங்க, அதுக்கு இமை முடி எதுக்கு?

அந்த ஸ்கேன், சின்னதாக்குன படம், டூல் குடுத்தது, மூணையும் ஒரே ஷீட்ல பிரிண்ட் போட்டு கவுண்டர் கண்ணாடிக்குக் கீழ வச்சிருக்கேன். ஸ்டூடியோ வச்சிருக்கிற மத்தவங்களும் அவங்கவங்க வீட்டுப் பெரியவங்க படத்துல இந்தச் சோதனைய ஒரு தடவை பண்ணிப் பாருங்க, நல்ல பிரிண்ட் இருக்கிற ஒருத்தரோட படமா இருக்கணும், அப்பத்தான் எது போச்சுன்னு தெரியும்.

எனக்கு இன்னொரு ஆசையும் இருக்கு. லோரான்னு ஒரு முறை இருக்கு, முழு மாடலையும் திரும்பப் பழக்காம, இருபது முப்பது படத்த வச்சு அதுக்கு ஒரு புது விஷயத்தை மட்டும் சொல்லிக் குடுக்கலாம். பாம்படக் காது, கரிசக்காட்டு வெளிச்சம், மஞ்சக் கயிறு, இதையெல்லாம் சொல்லிக் குடுக்கணும்னு. படம் என்கிட்ட ஹார்ட் டிஸ்க் நிறைய இருக்கு, ஆனா அதுல இருக்கிற முகம் என்னோடது இல்ல, அவங்க கல்யாணத்துக்குக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னது, இதுக்கு இல்ல. லேயான்காரங்க பண்ணதையே நான் சின்ன அளவுல பண்ணிட்டு அவங்க மேல கோபப்பட முடியாது. அதனால இந்த ஆவணியில இருந்து புக்கிங் ஃபார்ம்ல ரெண்டு கட்டம் சேர்க்கிறேன், ஒங்க படத்த ஏஐ பழக்கப் பயன்படுத்தலாமா, ஆமா, வேண்டாம்னு. டிக் பண்ணாம விட்டா வேண்டாம்னு அர்த்தம். பாம்படம் போட்ட ஆச்சிமார் படத்துக்கு மட்டும் ஃபார்ம் போதாது, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கிராமத்துல இன்னும் சில பேரு இருக்காங்க, நேர்ல போயி உக்காந்து, எதுக்குன்னு பொறுமையாச் சொல்லி, சரின்னு சொன்னா புதுசாவே எடுத்து, அவங்க வீட்டுக்கு ஒரு நல்ல 8க்கு 10 பிரிண்ட்டும் ஃப்ரேம் போட்டுக் குடுத்துட்டு வரணும்.